மினிவேனில் சின்ன டிரெய்லர்: இழுக்கும் எண்ணும் தாங்கும் எண்ணும்

வட அமெரிக்காவில் விற்கும் பெட்ரோல் மினிவேன்களில் பெரும்பாலானவற்றின் கையேட்டில் இழுப்புத் திறனுக்கு ஒரே எண்தான் இருக்கும்: 3,500 பவுண்டு, அதாவது சுமார் 1,588 கிலோ. ஹைப்ரிட் என்றால் கதை வேறு. 2021 முதல் ஹைப்ரிடாக மட்டுமே வரும் டொயோட்டா சியன்னாவுக்கு 1,500 பவுண்டுதான். கிரைஸ்லர் பசிஃபிகா ஹைப்ரிடில் டிரெய்லர் இழுக்கவே வேண்டாம் என்கிறார்கள். என்னிடம் இருப்பது பெட்ரோல் வண்டி, முன்சக்கர ஓட்டம். டிரெய்லர் ஒற்றை அச்சு கொண்ட, தாழ்வான கூரை உடைய சின்னது. தண்ணீர், கேஸ், சமையல் சாமான் எல்லாம் ஏற்றியபின் 870 கிலோ. எழுதியிருக்கும் திறனில் பாதிக்குக் கொஞ்சம் மேல். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யோசிக்க ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் மினிவேனில் முதலில் தீர்ந்துபோவது இழுக்கும் திறன் இல்லை, பின் அச்சு தாங்கும் திறன். நான் செய்த வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் நடந்தது. அதனால் டிரெய்லரைப் பூட்ட வேனின் பின்னால் போடும் இரும்பு இணைப்பான ஹிட்ச்சை மாட்டுவதற்கு முன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

டிரெய்லரின் முன்பக்கம் ஹிட்ச் பந்தின் மேல் உட்கார்ந்து கீழே அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறோம். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. குறைந்தால் டிரெய்லர் சாலையில் பாம்பு மாதிரி ஆடும். கூடினால் வேனின் பின்புறம் தொங்கும். என் 870 கிலோவுக்கு 87 முதல் 130 வரை. சரி, 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 100 கிலோதான் கூடும் என்று நினைத்தால் அது தப்பு. பந்து இருப்பது பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, அதற்கும் பின்னால். என் வண்டியில் அளந்தால் 1.2 மீட்டர். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி, பந்தில் 100 கிலோ வைத்தால் முன் அச்சிலிருந்து 40 கிலோ கிளம்பிவிடும், பின் அச்சில் 140 கிலோ ஏறும். முன்சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, ஸ்டீயரிங்கும் அதில்தான். அங்கிருந்து எடை போவதும், ஏற்கெனவே மூன்றாம் வரிசை ஆட்களையும் மூட்டைகளையும் சுமக்கும் பின் அச்சில் போய் அது சேர்வதும் ஒரே சமயத்தில் நடக்கிறது.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மொத்த எடை வரம்பும் ஒவ்வொரு அச்சுக்கான வரம்பும் இருக்கும். என் வண்டிக்கு மொத்தம் 2,700 கிலோ, பின் அச்சுக்கு 1,430 கிலோ. வெறும் வண்டி 2,050. ஆக 650 கிலோ ஏற்றலாம். ஐந்து பேர், உள்ளே வைக்கும் பைகள், ஹிட்ச் இரும்பு எல்லாம் சேர்த்து 410. டங் வெயிட்டுக்கு 240 கிலோ மிச்சம் இருப்பதுபோல் தெரியும். பின் அச்சுக் கணக்கைப் பார்த்தபோது அந்தத் தாராளம் எங்கே போனது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

ஹிட்ச் மாட்டியது பெரிய வித்தை இல்லை. வேனின் அடியில் இரண்டு பக்கச் சட்டங்களிலும் தொழிற்சாலையிலேயே துளைகள் விட்டிருக்கிறார்கள். வண்டி மாடலுக்கென்று வரும் ரிசீவர், அதாவது ஹிட்ச்சின் அடிச்சட்டம், அவற்றோடு அப்படியே பொருந்தும், வெல்டிங் வேண்டாம். 1¼ அங்குல வாய் உள்ளதும் கிடைக்கும், 2 அங்குலமும் கிடைக்கும். நான் 2 அங்குலம் எடுத்தேன், அந்த வாயில் செருகும், ஹிட்ச் பந்தைச் சுமக்கும் தாங்கியில் தேர்வு அதிகம் என்பதற்காக. அது பெரிய ரிசீவர் என்பதால் வேனின் திறன் கூடிவிடாது. ரிசீவர், பந்து தாங்கி, பந்து, கப்ளர் (பந்தைக் கவ்வும் டிரெய்லர் முனை), வேன் என்று வரிசையில் எது குறைவோ அதுதான் மொத்தத்துக்கும் வரம்பு.

வேலை எடுத்த நேரம் சைலன்சருக்குத்தான். ரிசீவரின் குறுக்குக் குழாயை உள்ளே நுழைக்க சைலன்சரின் பின்பகுதியைக் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும். அது தொங்கும் ரப்பர் வளையங்கள் காய்ந்து இறுகியிருக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்து நெம்பினால் வழுக்கிக்கொண்டு வரும். இறக்கும்போது அடியில் ஒரு ஜாக்கி முட்டுக் கொடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் முன்பக்க இணைப்பில் பாரம் போகும். ரிசீவர் கனமான இரும்பு. தனியாளாக மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு கையால் அதைத் தூக்கி, மறு கையால் போல்ட்டைத் தேடுவதைவிட இன்னொரு ஆளைக் கூப்பிடுவது உத்தமம். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் பிடிக்க விட்டு, அப்புறம் டார்க் ரெஞ்ச் வைத்துக் கையேட்டு அளவுக்கு முறுக்கினேன். பந்தின் நட்டையும் அப்படியே.

பந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 1⅞ அங்குலப் பந்தும் 2 அங்குலப் பந்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். 2 அங்குல கப்ளரை 1⅞ பந்தின் மேல் இறக்கினால் பூட்டியதுபோலவே தெரியும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது கழன்றுவிடலாம். அளவு பந்தின் தலையிலேயே அச்சிட்டிருக்கும், கப்ளரிலும் இருக்கும். பூட்டியபின் டிரெய்லரின் முன்ஜாக்கியைச் சுற்றி மேலே தூக்கிப் பாருங்கள். வேனின் பின்புறமும் கூடவே எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது.

வயரிங்தான் எனக்குப் பிடித்த பகுதி, கூடவே அவசரப்படக் கூடாத பகுதியும். டிரெய்லரின் பின்விளக்கில் பிரேக்கும் திரும்பும் சைகையும் ஒரே பல்பில் வரும். வேனில் மஞ்சள் சைகை தனி, சிவப்பு பிரேக் தனி. இரண்டையும் ஒன்றாக்கித் தர கன்வர்ட்டர் என்ற சின்னப் பெட்டி வேண்டும். அதிலும் பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் வகையைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கட்சி. இன்றைய வண்டிகளில் பின்விளக்கை ஒரு கணினி கண்காணிக்கிறது. அந்த வயரிலிருந்தே டிரெய்லர் விளக்குக்கும் கரண்ட் உறிஞ்சினால் அது கோபித்துக்கொள்ளும். நேரடி வகை, பின்விளக்கு வயரிலிருந்து சைகையை மட்டும் வாங்கிக்கொண்டு, எரிப்பதற்கான கரண்ட்டைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

நிறக் கணக்கு எளிது: வெள்ளை எர்த், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. நாலு முனை பிளக்குக்கு இவ்வளவுதான். என் டிரெய்லரில் மின் பிரேக் இருந்ததால் ஏழு முனை பிளக் போட்டேன். அதில் கூடுதலாக நீலம் பிரேக்குக்கு, கருப்பு டிரெய்லர் பேட்டரிக்குச் சார்ஜ். பேட்டரியின் நேர் முனையிலிருந்து வரும் வயரில் ஃபியூஸை முனைக்கு மிக அருகில் வைக்க வேண்டும். நடுவழியில் வைத்தால், அதற்கு முன்னால் வயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் தடுக்க ஒன்றும் இருக்காது. எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய வெறும் உலோகத்தில் முறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். டிரெய்லர் விளக்கு மங்குவது, இடது சைகை போட்டால் இரண்டு பக்கமும் லேசாக மினுக்குவது போன்ற பேய் வேலைகளுக்குப் பெரும்பாலும் எர்த் தான் காரணம்.

870 கிலோவுக்குப் பிரேக் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. எத்தனை கிலோவுக்கு மேல் டிரெய்லர் பிரேக் கட்டாயம் என்பது ஊருக்கு ஊர் மாறும். அதற்கு முன்பே உங்கள் வேனின் கையேடு ஒரு எண்ணைச் சொல்லியிருக்கும். அதைப் படித்துவிட்டுச் சட்டத்தைப் பாருங்கள். ஏற்கெனவே ஆட்களும் மூட்டையுமாக நிறைந்திருக்கும் மினிவேனின் பிரேக், பின்னாலிருந்து தள்ளும் இன்னொரு 870 கிலோவையும் சேர்த்து நிறுத்த வேண்டும் என்பதை யோசித்தால் நான் சட்டம் சொல்லாவிட்டாலும் போடுவேன்.

டிரெய்லரின் மின் பிரேக்கை வேனிலிருந்து இயக்கும் பெட்டிதான் பிரேக் கன்ட்ரோலர். பெரிய பிக்கப்புகளில் அதற்குத் தயாராகவே ஒரு சாக்கெட் இருக்கும். மினிவேனில் அந்தச் சொகுசு கிடையாது. நாலு வயரையும் நாமே கொண்டுவர வேண்டும்: வெள்ளை எர்த், கருப்பு பேட்டரி நேர்முனை, சிவப்பு பிரேக் மிதியின் சுவிட்ச், நீலம் பின்னால் டிரெய்லருக்கு. ஒற்றை அச்சில் இரண்டு பிரேக் என்பதால் கருப்பு வயரில் 20 ஆம்பியர் சர்க்யூட் பிரேக்கர் போதும். எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் ஏற்கெனவே இருக்கும் ரப்பர் அடைப்பின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு நுழைத்தேன். தகரத்தில் புதுத் துளை போடாமல் தப்பிக்க இது நல்ல வழி. கன்ட்ரோலரின் அளவை அமைக்க, காய்ந்த சமதளத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போய், வேன் பிரேக்கைத் தொடாமல் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் முழுவதும் அழுத்த வேண்டும். டிரெய்லர் சக்கரம் பூட்டி இழுபட்டால் அளவைக் குறைக்க வேண்டும். பூட்டுவதற்குச் சற்று முன் நிற்கும் அளவுதான் சரி. ஈரச் சாலை, காலி டிரெய்லர் என்றால் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் பிடிக்கும் சுவிட்சையும் சோதித்தேன். அதற்கு முன் ஏழு முனை பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். செருகியபடி சுவிட்சின் பின்னை (முள்ளை) இழுத்தால் கரண்ட் பின்வழியாக வந்து கன்ட்ரோலரைக் கெடுக்கலாம். இந்தச் சுவிட்சுக்குக் கரண்ட் தருவது டிரெய்லரில் இருக்கும் பேட்டரி. அது செத்திருந்தால் சுவிட்ச் இருந்தும் பயனில்லை.

இனி எடைக்கு வருகிறேன். டங் வெயிட்டை வீட்டில் அளக்க, ஆட்கள் ஏறி நிற்கும் சாதாரணத் தராசு போதும். ஒரு கனமான பலகை. அதன் ஒரு முனைக்குக் கீழே செங்கல், மறு முனைக்குக் கீழே தராசு, இரண்டின் மேலும் ஒரு துண்டு இரும்புக் குழாய். டிரெய்லரின் முன்ஜாக்கிக் கால் செங்கல் பக்கக் குழாயிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, தராசுப் பக்கக் குழாயிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இறங்க வேண்டும். தராசு மூன்றில் ஒரு பங்கைக் காட்டும்; மூன்றால் பெருக்கினால் எடை. பலகையின் எடையை முதலில் கழித்துவிட வேண்டும். டிரெய்லர் சாலையில் நிற்கும் அதே உயரத்தில், கிடைமட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கியோ தாழ்ந்தோ இருந்தால் எண் மாறும். ஜாக்கிக்கும் கப்ளருக்கும் இடையே தூரம் இருந்தால் பந்தில் விழும் எடை இதைவிடச் சற்றுக் குறையும். என்னுடையதில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடம் என்பதால் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

தராசு 46.7 காட்டியது. 140 கிலோ! 870-இல் 16 சதவீதம். முன்பெட்டியில் கேஸ், பேட்டரி, கருவிப் பெட்டி எல்லாம் அடைத்து வைத்ததன் பலன்.

அப்புறம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு எடைமேடைக்குப் போனோம். லாரிகளுக்கான மேடை, அச்சு அச்சாக எடை பார்க்கலாம். டிரெய்லர் இல்லாமல் முன் அச்சு 1,240, பின் அச்சு 1,220. டிரெய்லர் பூட்டியபின் முன் அச்சு 1,184, பின் அச்சு 1,416. வரம்பு 1,430. மொத்த எடையில் நூறு கிலோ மிச்சம் இருக்க, பின் அச்சில் மிச்சம் 14 கிலோ. யாராவது ஒரு தண்ணீர் கேனைப் பின்னால் வைத்தால் தீர்ந்தது. வெறும் இழுப்புத் திறனைப் பார்த்து வாங்குபவர்களுக்கு இந்த எண் தெரியவே தெரியாது. வண்டி போகும், மலையும் ஏறும், ஒன்றும் சொல்லாது.

குறைப்பதற்கு சுலபமான வழி டிரெய்லரின் வால் பக்கம் எடையைத் தள்ளுவது. அது செய்யக் கூடாத வழி. மூக்கு லேசாகும்தான், ஆனால் இரண்டு முனையிலும் பாரம் இருக்கும் டிரெய்லர் ஒருமுறை ஆட ஆரம்பித்தால் அடங்காது. எடையை அச்சுக்கு நேர் மேலே கொண்டுவருவதுதான் சரி. கப்ளரிலிருந்து அச்சுக்கு 3 மீட்டர். 20 கிலோ கருவிப் பெட்டி அச்சுக்கு 2.5 மீட்டர் முன்னால் இருந்தது. அதை அச்சின் மேல் வைத்தால் 20 பெருக்கல் 2.5 வகுத்தல் 3, டங்கில் 16.7 கிலோ குறையும். 15 கிலோ சமையல் பெட்டி 1.8 மீட்டரிலிருந்து வந்தால் 9 கிலோ. 20 லிட்டர் தண்ணீர் கேன் 1.5 மீட்டரிலிருந்து வந்தால் 10 கிலோ. கணக்கு 104 என்றது, தராசு 35 காட்டியது, அதாவது 105. ஒரு பொருளையும் வீட்டில் விடாமல் 12 சதவீதத்துக்கு வந்தாயிற்று. மேடையில் பின் அச்சு 1,367, முன் அச்சு 1,198. இப்போது பின் அச்சில் 63 கிலோ மூச்சு விட இடம்.

இதைச் செய்தபிறகுதான் காற்றுப்பைகளைத் தொட்டேன். பின் சக்கரச் சுருள் வில்லுக்குள் நுழைக்கும் ரப்பர் பை அது. காற்றடித்தால் பின்புறம் எழும். சக்கர வளைவின் உயரத்தை டிரெய்லருக்கு முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து, பாதிக்கு மேல் மீட்கும் வரை காற்றடித்தேன். வண்டி நிமிர்ந்தது, பள்ளத்தில் தட்டுவது நின்றது, முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் நின்றது. ஆனால் இது அச்சின் வரம்பை ஒரு கிலோகூடக் கூட்டாது, முன் அச்சு இழந்த எடையையும் திருப்பித் தராது. அந்த எடையைத் திருப்பித் தருவது எடைப் பகிர்வு ஹிட்ச். என் வேனின் கையேடு அதைப் போட வேண்டாம் என்கிறது. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

பந்தின் உயரம், டிரெய்லர் கிடைமட்டமாக அல்லது மூக்கு ஒரு விரல் தாழ்ந்து நிற்கும்படி. மூக்கு தூக்கிய டிரெய்லர் ஆடத் துடிக்கும். பாதுகாப்புச் சங்கிலிகள் டங்கின் கீழே குறுக்காகப் போக வேண்டும். கப்ளர் கழன்றால் அந்தக் குறுக்கு மூக்கைத் தாங்கிக்கொள்ளும், தரையில் குத்த விடாது.

டிரெய்லர் டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதே அதிகம், நின்ற இடத்திலேயே வெயிலில் காய்வதால். தடம் புதிதுபோல் இருந்தாலும் ஆறு வயதைத் தாண்டியதை நான் நம்ப மாட்டேன். காற்று, குளிர்ந்த நிலையில் சுவரில் எழுதியிருக்கும் முழு அளவு. பேரிங்குகளைக் கழற்றி, பழைய கிரீஸைக் கழுவி, புது கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு நடுவே திணித்து, புது சீல் போட்டேன். பேரிங்கைப் பிடித்து நிற்கும் அச்சு நட்டை முதலில் இறுக்கி, சக்கரத்தைச் சுற்றியபடி, அப்புறம் தளர்த்தி, கை இறுக்கத்தில் நிறுத்தி, நட்டு நகராமல் பூட்டும் முள்ளைப் போட வேண்டும். இறுக்கிப்பிடித்தால் எரியும். சக்கர நட்டுகளை முதல் 80 கிலோமீட்டருக்குள் மறுபடி முறுக்கிப் பார்த்தேன். சில நட்டுகள் கொஞ்சம் நகரத்தான் செய்தன. நிற்கும் இடத்திலெல்லாம் சக்கர மையத்தைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே சூடு என்றால் நிம்மதி, ஒன்று மட்டும் சுட்டால் பேரிங்கோ பிரேக்கோ பேசுகிறது.

சாலையில் வேன் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்துகொண்டது. பயண வேகத்தில் கூரை தாழ்ந்த டிரெய்லர் வேனின் நிழலுக்குள்ளேயே வருகிறது. இதே எடையில் உயரமான டப்பா டிரெய்லர் என்றால் அனுபவம் வேறாக இருந்திருக்கும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 90-இலிருந்து 110-க்குப் போனால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பல கையேடுகளில் டிரெய்லரின் முன்பரப்புக்கும் ஒரு வரம்பு இருக்கிறது, யாரும் அந்த வரியைப் படிப்பதில்லை. வேகக் குறி இல்லாத டிரெய்லர் டயர்களுக்கு மணிக்கு 105 கிலோமீட்டர்தான் வழக்கமான வரம்பு. நான் 90-ஐ ஒட்டியே போகிறேன்.

மலை ஏற்றத்தில் கியர்பாக்ஸ் மேல் கியருக்கும் கீழ் கியருக்கும் மாறி மாறித் தவித்தது. கீழ் கியரில் பிடித்து வைத்தால் எஞ்சின் சத்தம் போடும், ஆனால் கியர் எண்ணெய் குளிர்ச்சியாக இருக்கும். வண்டியின் கோளாறு கண்டறியும் சாக்கெட்டில் செருகும் சின்னக் கருவி மூலம் போனில் அந்த வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்: சமதளத்தில் 90 டிகிரி சுற்றி, நீண்ட ஏற்றத்தில் 108 வரை. 120-க்கு மேல் நீடித்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும் என்பதால் தனி ஆயில் கூலர் போட்டது வீண்செலவு இல்லை. இறக்கத்திலும் அதே கீழ் கியர், பிரேக்கைச் சுட விடாமல்.

முன்சக்கர ஓட்டத்தின் குறை தெரிந்தது ஒரே இடத்தில்: ஈரமான சரளைக்கல் ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது. முன் அச்சு இழந்த அந்த 42 கிலோவை அங்கே டயர் தேடுகிறது. மெதுவாக, ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கிளம்பினால் பிடித்துக்கொள்ளும். புல்வெளி முகாம்களில் சரிவில் மூக்கை மேல்நோக்கி நிறுத்துவதை மட்டும் தவிர்க்கிறேன்.

பின்னோக்கி எடுப்பதற்கு ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் சரியாகப் போகும். டிரெய்லர் குட்டையாக இருந்தால் மடங்குவதும் வேகம், அதனால் கால் அடி போய் நின்று பார்ப்பதுதான் வழி. பின்பக்க சென்சார் டிரெய்லரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். பின்னோக்கிப் போகும்போது தானே பிரேக் பிடிக்கும் வசதி இருந்தால் அதையும்.

மினிவேனுக்கே உரிய ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும், அகலமாக, வெளியே வளைந்து. டிரெய்லரின் முன்ஜாக்கிக் கைப்பிடி அதே இடத்தில் நிற்கும். பட்டனைத் தட்டினால் மோட்டார் கதவு நேராகப் போய் அதில் இடிக்கும். நான் ஜாக்கியைக் கழற்றக்கூடிய வகையாக மாற்றினேன், அப்போதும் முன்பெட்டியின் விளிம்புக்கும் கதவுக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான். நீளமான பந்து தாங்கி போட்டால் இடம் கிடைக்கும், ஆனால் பந்து இன்னும் பின்னால் போகும், நெம்புகோல் நீளும், பின் அச்சில் எடை கூடும். அதனால் குட்டைத் தாங்கியே இருக்கட்டும் என்று விட்டு, வழியில் தேவைப்படும் சாமான்களைப் பக்கக் கதவு வழியாக எடுக்கும்படி இரண்டாம் வரிசைக்குப் பின்னால் அடுக்கிவிட்டேன்.